ஒன்பது முன்னாள் போராளிகளும் ஒரு கணினி வகுப்பும்: யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு பயிற்சியின் பதிவு

2022 தை மாதம் தொடங்கி 2023 ஆடி வரை, கல்வியங்காட்டுப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நடந்த பயிற்சியைப் பற்றிய பதிவு இது. அதை ஒழுங்குபடுத்தியவர்களில் நானும் ஒருவன். படித்தவர்களின் பெயரையும் ஊரையும் போடவில்லை, ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியும் இருக்கிறேன். எழுதியதை அவர்களில் ஐந்து பேருக்கு வாசித்துக் காட்டி, வெட்டச் சொன்னதை வெட்டிவிட்டுத்தான் வெளியில் விடுகிறேன். இதே வேலையை வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ தொடங்க நினைக்கிறவர்களுக்கு எங்கள் பிழைகள்தான் அதிகம் உதவும் என்பதால் அவற்றைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

## பின்னணி

2009 மே மாதம் அரசுக்கும் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கும் இடையிலான போர் முடிந்த பிறகு, இயக்கத்திலிருந்து சரணடைந்தவர்களும் பிடிபட்டவர்களுமாக ஏறத்தாழ 12,000 பேர் பூந்தோட்டம், வெலிக்கந்தை, கந்தக்காடு என்று புனர்வாழ்வு முகாம்களுக்குப் போனார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று இருந்துவிட்டு கையில் ஒரு சான்றிதழோடு வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் ஊர்களில் "தடுப்பால வந்தவர்" என்று சொன்னால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. முகாமில் தச்சு, மேசன், தையல், கணினி அடிப்படை என்று தொழிற்பயிற்சி கொடுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் வெளியில் வந்து பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு நான் சந்தித்தவர்களில் பெரும்பாலானோர் கூலி வேலையும் தோட்டமும் கடனுமாகவே இருந்தார்கள்.

கணினித் துறையை நாங்கள் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது. 2012 அளவில் யாழ் ஐரி ஹப் என்ற தகவல் தொழில்நுட்ப அமைப்பு தொடங்கிய காலத்திலிருந்து இங்கே சின்னச் சின்ன மென்பொருள் கொம்பனிகள் முளைக்கத் தொடங்கியிருந்தன. கால் இல்லாத ஒருவருக்கும், முதுகில் செல் (எறிகணை) துண்டோடு மண்வெட்டி பிடிக்க முடியாத ஒருவருக்கும், இருந்து செய்யக்கூடிய வேலை என்று பார்த்தால் இதுதான் கண்ணுக்குப் பட்டது. லண்டனில் இருக்கும் சில நண்பர்கள் பத்துப் பழைய மேசைக்கணினிகளுக்கும், ஆறு மாத வாடகைக்கும், ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்கும் காசு அனுப்பினார்கள்.

சேர்ந்தவர்கள் ஒன்பது பேர், ஏழு ஆண்களும் இரண்டு பெண்களும். வயது 31 முதல் 44 வரை. ஐந்து பேர் ஓ.எல்., அதாவது பதினோராம் ஆண்டுப் பொதுச் சோதனை, எழுதாதவர்கள். ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தப் பதிவு அரைகுறையாகிவிடும்: ஒன்பது பேரும் ஒரே வழியால் இயக்கத்துக்குப் போனவர்கள் இல்லை. தொண்ணூறுகளில் தாங்களாக விரும்பிப் போனவர்களும், 2008இல் வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்களும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் அண்ணை, தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள், ஆனாலும் சில பேச்சுகள் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும்.

பாடத்திட்டத்தை நாங்கள் யோசித்து எழுதவில்லை, அதுதான் முதற்பிழை. பள்ளியின் கடைசிச் சோதனையான ஏ.எல். முடித்த பிள்ளைகளுக்கு நடத்துகிற ஆறு மாத இணையத்தள வடிவமைப்புப் பாடத்தை, ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினிமொழியையும் சேர்த்து, அப்படியே தூக்கி வைத்தோம்.

## முதல் இரண்டு மாதம்

வகுப்பு எடுத்தவர் 24 வயதுப் பட்டதாரிப் பெண். அவர் இவர்களை அண்ணை, அக்கா என்றார், இவர்கள் அவரை ரீச்சர் என்றார்கள். 44 வயது அண்ணைகூட ரீச்சர் உள்ளே வரும்போது எழும்பி நின்றார். யாரும் பிந்தி வருவதில்லை, யாரும் கேள்வி கேட்பதும் இல்லை. "விளங்குதோ?" என்றால் எல்லாத் தலையும் ஆடும். அதைப் பார்த்துவிட்டு வகுப்பு நன்றாகப் போகிறது என்று நான் லண்டனுக்கு எழுதியும் விட்டேன். ஐந்தாம் கிழமை ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தபோதுதான், ஒரு மாறிக்குள் (நிரலில் ஒரு தகவலைப் பெயர் போட்டு வைக்கிற இடம்) பெறுமதியைப் போடுவது என்றால் என்ன என்பதே ஏழு பேருக்குப் பிடிபடவில்லை என்பது தெரிந்தது.

ஏன் கேட்கவில்லை என்று பிறகு ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் விசாரித்தேன். ஒருவர் சொன்னார்: "கேள்வி கேக்கிறது எங்கட பழக்கத்தில இல்லை. சொன்னா செய்யிறது, இல்லாட்டி பேசாம இருக்கிறது. தடுப்பிலயும் அதுதானே." அதற்குமேல் அவர் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

திரையில் ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்து வந்தால் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். ஒருவர் எழும்பிப்போய் வெளியில் நிற்பார். இளம் பிள்ளைகள் பத்துத் தரம் பிழை வந்தாலும் சிரித்துக்கொண்டு அழித்து எழுதுவார்கள். ஒரு பிழை உயிர் எடுக்கும் என்று பழகிய ஆட்களிடம் "பரவாயில்லை, பிழைவிட்டுப் பழகுங்கோ" என்று சொல்வது எடுபடவில்லை. எனக்கு அது அந்த நேரத்தில் விளங்கவும் இல்லை.

வரவுப் பதிவேட்டிலும் ஒன்று தெரிந்தது. வராத நாட்களைக் கூட்டிப் பார்த்தால் முக்கால்வாசி செவ்வாய்க்கிழமையில் விழுந்தது. முதலில் கோயில், விரதம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அவர்களில் நாலு பேரின் ஊர்களில் நுண்கடன் தவணை கட்டுகிற நாள். திங்கள் மாலைக்குள் காசு புரளாவிட்டால் செவ்வாய் காலையில் எங்காவது கூலிக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அப்போது ஒரு நாள் கூலி 2,000 ரூபாவுக்கு மேல். எங்கள் வகுப்புக்கு வந்தால் கிடைத்தது தேத்தண்ணியும் பிஸ்கட்டும்.

மாசி மாதக் கடைசியில் சிவில் உடையில் இருவர் வந்து, என்ன வகுப்பு, யார் காசு தருகிறது, யார் யார் வருகிறார்கள் என்று விசாரித்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். அடுத்த நாள் நாலு கதிரை வெறுமையாக இருந்தது. பங்குனி நடுப்பகுதிக்குள் மூன்று பேர் நின்றேவிட்டார்கள். இரண்டு பேர் கூலி வேலைக்குப் போனார்கள். மற்றவர் காரணம் சொல்லவில்லை.

## ஒரு கொப்பி

வகுப்பை மூடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒருநாள் மாலை எல்லாரும் போன பிறகு மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பி கிடந்தது. முன்னர் இயக்கத்தில் தொலைத்தொடர்பு வேலை செய்த, 41 வயது அக்காவுடையது. முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால், யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனத்தில் போட்டது. வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பார், ஜாவாஸ்கிரிப்டில் எல்லாரையும்விடப் பின்னுக்கு நின்றவர் அவர்தான்.

யாருடையது என்று பார்க்கத் திறந்தேன். பக்கம் பக்கமாக மேலிருந்து கீழே கோடு கீறி, நிரல் நிரலாகப் பிரித்து எழுதியிருந்தார். முதல் நிரலில் நேரம், 9.42, 9.47 என்று நிமிடக் கணக்கில். அடுத்ததில் தான் என்ன செய்தார் என்பது. அடுத்ததில் என்ன வரும் என்று ரீச்சர் சொன்னார் என்பது. கடைசி நிரலில் உண்மையில் திரையில் என்ன வந்தது என்பது. விளங்காத ஆங்கில எழுத்துகளைக்கூட ஒன்றுவிடாமல், படம் பார்த்துக் கீறுவதுபோல அப்படியே எழுதிவைத்திருந்தார். இரண்டு மாதமும் ஒரு நாள் தவறவில்லை.

மென்பொருள் சோதனை, அதாவது ஒரு மென்பொருளில் பிழை தேடிச் சொல்கிற வேலை, தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை. செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, நேரம். ஒரு வழு (பிழை) அறிக்கை என்றால் அவ்வளவுதான். கொம்பனிகளில் புதிதாகச் சேரும் பட்டதாரிகளிடம் "வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதாதே, என்ன செய்தாய் என்று எழுது" என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிற விசயம் இது.

அடுத்த நாள் அவரிடம் கேட்டேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரித்தான் பதில் வந்தது: "செற்றில (வானொலித் தொடர்புக் கருவியில்) இருந்த பழக்கம், தம்பி. வந்தது போனது எல்லாம் நேரத்தோட எழுதிவைக்கவேணும். விளங்காட்டியும் கேட்டதை மாத்தாம எழுதவேணும். அதால எழுதினனான், பாடத்துக்கு உதவாது எண்டு தெரியும்."

இரண்டு மாதம் நாங்கள் அவருக்குத் தெரியாததை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். சேர்க்கும்போது நிரப்பிய படிவத்தில் கல்வித் தகைமை, கணினி அறிவு, ஆங்கில அறிவு என்று மூன்று கட்டம் இருந்தது, மூன்றிலும் அவர் கோடு போட்டிருந்தார். பழையதைக் கிளறக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் செய்தோம். அந்த நல்ல எண்ணம் அவர்களுடைய பதினைந்து வருட வேலைப் பழக்கத்தையும் சேர்த்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டது என்பதுதான் இந்த முழு அனுபவத்திலும் நான் கண்ட பெரிய விசயம்.

## எடுத்த முடிவுகள்

மிஞ்சிய ஆறு பேரையும் தனித்தனியாக இருத்திக் கதைத்தோம். எங்கே, யாரோடு, எந்தப் படை என்று எதுவும் கேட்பதில்லை என்று முதலே சொன்னோம். கேட்டது ஒன்றே ஒன்று: எந்த வேலையைக் கவனமாகச் செய்து பழகியிருக்கிறீர்கள்? ஒருவர் வரைபட வேலை என்றார். ஒருவர் மின்பிறப்பாக்கியும் வயரிங்கும். 31 வயதுத் தம்பி பிடிபட்டுப் போய்ச் சில மாதமே இருந்தவர், "எனக்கு ஓடினது மட்டும்தான் ஞாபகம்" என்றார். அவருக்கு உண்மையிலேயே புதிதாகத்தான் தொடங்க வேண்டியிருந்தது. எல்லாருக்கும் ஒரு புதையல் இருக்கும் என்று நினைத்துவிடக்கூடாது.

அதன்பிறகு நிரலாக்கத்தை முழுதாக விட்டோம். அக்காவும் இன்னும் இரண்டு பேரும் மென்பொருள் சோதனை. வரைபட அண்ணைக்குக் கியூஜிஐஎஸ், அது இலவச வரைபட மென்பொருள் என்பதால் செலவும் இல்லை. மற்ற இருவருக்கும் நெற்வேர்க், கமரா பொருத்துவது. ரீச்சருக்கு இது பெரிய சுமை, ஒரு வகுப்பு மூன்றாகிவிட்டது, அவர் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் செய்தார்.

இரண்டாவது முடிவு காசு. ஐந்து புது லப்டொப்புக்கு வந்த காசில் இரண்டு பழையதை மட்டும் வாங்கிவிட்டு, மிச்சத்தை வந்த நாளுக்கு 1,500 ரூபா என்று கொடுத்தோம், திங்கட்கிழமை மாலையில், கையில். லண்டன் நண்பர்களில் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை, "படிக்கிறதுக்குக் காசு குடுத்தா காசுக்காகத்தான் வருவினம்" என்றார். அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவேண்டும் என்பதை அவருக்கு விளக்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது. அமெரிக்காவில் 1944இல் ஜி.ஐ. பில் என்று படைவீரர்களுக்கான சட்டம் கொண்டுவந்தபோதே படிப்புக் கட்டணத்தோடு மாதாந்தம் வாழ்க்கைச் செலவுக்கும் காசு கொடுத்தார்கள். படிக்கிற வயது தாண்டி, குடும்பத்தோடு இருக்கிறவனுக்குக் கட்டணம் மட்டும் கட்டினால் போதாது என்பது அவ்வளவு பழைய விசயம். செவ்வாய்க்கிழமை வரவு அடுத்த கிழமையே சரியாகிவிட்டது.

மூன்றாவது, விசாரிக்க வருகிறவர்களுக்கு என்ன சொல்வது. பெயர்ப்பட்டியலைக் கொடுப்பதா இல்லையா என்பதை நாங்களாக முடிவெடுக்காமல் ஆறு பேரையும் கேட்டோம். "எங்கட பேர் அவையிட்ட எப்பவோ இருக்குது, ஒளிச்சாத்தான் பிரச்சினை" என்றார்கள் நாலு பேர். இருவர் விரும்பவில்லை. கடைசியில் பாடத்திட்டத்தையும் எத்தனை பேர் என்பதையும் எழுதி, பிரதேச செயலகத்தில் ஒரு கடிதமாகக் கொடுத்தோம், பெயர்கள் இல்லாமல். அதன் பிரதி ஒன்று எப்போதும் முன் மேசையில் இருக்கும்.

ஆங்கிலத்துக்கு இலக்கண வகுப்பு வைக்கவில்லை. வழு அறிக்கைகளிலும் பிழைச் செய்திகளிலும் திரும்பத் திரும்ப வருகிற சொற்களைப் பொறுக்கி எடுத்து, நாளுக்குப் பத்துச் சொல், அவற்றால் மூன்று வாக்கியம். சிவப்பு எழுத்தைக் கண்டால் முதலில் அதைக் கொப்பியில் எழுதவேண்டும், பிறகுதான் மவுஸைத் தொடலாம் என்று ஒரு ஒழுங்கு வைத்தோம். அந்தச் சின்ன ஒழுங்கு பயத்தைக் கணிசமாகக் குறைத்தது. கைக்கு ஒரு வேலை வந்துவிட்டது.

## மின்வெட்டும் பெற்றோல் வரிசையும்

இதெல்லாம் தீர்மானித்து முடிக்க, நாட்டில் மின்சாரம் போனது. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பங்குனித் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் வைகாசியில் 360ஐத் தொட்டது. பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. மேசைக்கணினிகள் பத்தும் பகலில் சும்மா கிடந்தன. வாங்கிய இரண்டு பழைய லப்டொப்பும், ரீச்சரின் லப்டொப்பும், என்னுடையதும்தான் வகுப்பு.

மின்வெட்டு அட்டவணையில் எங்கள் பகுதிக்கு மின்சாரம் இருக்கிற நேரத்தைப் பார்த்து விடிய 5.30க்கு வகுப்பு வைக்கலாமா என்று தயக்கத்தோடு கேட்டேன். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அடுத்த நாள் 5.20க்கு எல்லாரும் வாசலில் நின்றார்கள். தூரத்திலிருந்து வந்த ஒருவர் இருட்டில் ஒன்றரை மணித்தியாலம் சைக்கிள் மிதித்து வந்தார். அக்காவுக்கு அது முடியாது, ஸ்கூட்டிக்குப் பெற்றோல் இல்லை, செயற்கைக் காலோடு சைக்கிள் மிதித்தால் பொருந்துகிற இடம் வேர்வையில் உரசிப் புண்ணாகிவிடும். உள்ளறை ஒன்றை ஒழுங்குசெய்து இரண்டு பெண்களும் கிழமை நாட்களில் அங்கேயே தங்கினார்கள், அக்காவின் மகளை அம்மம்மா பார்த்துக்கொண்டார்.

அந்த நாலைந்து மாதம்தான் உண்மையான படிப்பு நடந்த காலம். மின்சாரம் போனால் கடதாசியில் செய்வோம். ஒரு பதிவுப் படிவத்தைக் கடதாசியில் கீறி, இதில் எத்தனை விதமாகப் பிழையான தகவல் போடலாம் என்று ஒருவர் மாறி ஒருவர் சொல்லவேண்டும். வயதுக் கட்டத்தில் எழுத்து, பெயர்க் கட்டத்தில் இலக்கம், பிறந்த நாளில் மாசி (பெப்ரவரி) 30. நாற்பது, ஐம்பது என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒரு வேலியில் எங்கே ஓட்டை இருக்கும் என்று பார்க்கிற கண் அது.

கியூஜிஐஎஸ்ஸில் அண்ணை செய்த ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரு அங்குலம் ஒரு மைல் அளவில் இருந்த பழைய நில அளவை வரைபடத்தை வைத்துப் பழகியவர் அவர். அப்படியான ஒன்றை ஸ்கான் செய்து, போனில் எடுத்த புள்ளிகளை அதன்மேல் போட்டபோது ஒரு கோயில் கேணி நடு றோட்டில் விழுந்தது. ரீச்சர் இலக்கம் பிழையாக அடித்திருப்பீர்கள் என்றார். அண்ணை எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகியிருக்கிறதே, அடித்தது பிழையென்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போயிருக்கும் என்றார். தேடிப் பார்த்தால் பழைய வரைபடம் கண்டவளை என்ற இலங்கையின் பழைய ஆள்கூற்று முறையில் (இடத்தை இலக்கங்களால் குறிக்கிற முறை) இருந்தது, போன் தருவது உலகளாவிய முறை. இரண்டையும் பொருத்த மென்பொருளிலேயே வழி இருக்கிறது. அது இருக்கிறது என்று ரீச்சருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

## வேலை தேடியபோது

ஐப்பசியில் பயிற்சி ஒரு நிலைக்கு வந்தது. கார்த்திகை கடைசிக் கிழமையில், மாவீரர் நாள் வருகிற கிழமை அது, வகுப்பை மூடிவிட்டோம், அந்த நாட்களில் யாரும் வெளியில் வர விரும்புவதில்லை, வீடுகளில் அவரவர் துயரமும் இருக்கும். மார்கழியில் தன்விபரக் கோவை எழுத உட்கார்ந்தோம், அங்கே ஒரு வெற்றிடம்.

1998 முதல் 2011 வரை என்ன எழுதுவது? மூன்று வழி இருந்தது. ஒன்றும் எழுதாமல் விடலாம், அப்படிவிட்டால் நேர்முகத்தில் முதற்கேள்வியே அதுதான். பொய் எழுதலாம், வெளிநாட்டில் நின்றேன், தோட்டம் செய்தேன் என்று, சிலர் வேறு வேலைகளுக்கு அப்படி எழுதியும் இருக்கிறார்கள். இல்லையென்றால் உள்ளதை எழுதலாம். நாங்கள் ஒரு பொதுவிதி போடவில்லை, ஒவ்வொருவரும் தங்களுக்கு ஏற்றபடி முடிவெடுத்தார்கள். அக்கா வருடங்களைப் போட்டு, "வானொலித் தொடர்பு, பதிவேடு பேணல், தட்டச்சு" என்று மட்டும் எழுதினார். எங்கே என்று கேட்டால் நேரில் சொல்வேன், கேட்காவிட்டால் சொல்லமாட்டேன் என்றார்.

முதலில் ஒரு கொம்பனி நேர்முகம்வரை கூப்பிட்டுவிட்டு, விபரம் தெரிந்ததும் "இடம் நிரம்பிவிட்டது" என்று இமெயில் போட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தங்கள் வாசலுக்கும் விசாரிக்க வருவார்கள் என்ற பயம் அவர்களுக்கு இருந்திருக்கும். அக்கா அந்த இமெயிலை வாசித்துவிட்டு அன்று மாலைவரை ஒன்றும் கதைக்காமல் வேலை செய்தார்.

இரண்டாவது, ஒரு சின்னக் கொம்பனி. அதன் உரிமையாளரிடம் நான் முன்கூட்டியே போய்க் கதைத்தேன், ஆளைப் பார்க்காமல் ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள் என்று. அவர்கள் செய்துகொண்டிருந்தது தமிழில் மாணவர் விபரம் பதிகிற ஒரு மென்பொருள். மூன்று நாள் கொடுத்தார்கள். அக்கா ஒருங்குறிக்கு முந்தைய பாமினி எழுத்துருக் காலத்திலிருந்து தட்டச்சு செய்து பழகியவர், எந்த விசைப்பலகை எந்த எழுத்தை எப்படி உண்டாக்குகிறது என்பதில் அவருக்கு ஒரு தனிக் கவனம். ஒரு விசைப்பலகையில் "கொ" என்று தொடங்கும் பெயரைப் பதிந்து, இன்னொன்றால் தேடினால் ஆள் இல்லை என்று வருகிறது என்பதைப் பிடித்தார். கண்ணுக்கு இரண்டும் ஒரே கொ. ஆனால் ஒருங்குறியில் (யூனிகோட், கணினி எழுத்துகளைச் சேமிக்கிற பொது முறை) கொம்பையும் அரவையும் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு தனிக்குறியாகவும் வைக்கலாம், தேடும்போது மென்பொருள் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிப் பார்க்கவேண்டும், இவர்கள் மாற்றவில்லை. "ஸ்ரீ"யிலும் அதே மாதிரி இரண்டு விதம். "ஔ" என்ற ஓர் எழுத்துக்குப் பதிலாகச் சிலர் "ஒ"வும் "ள"வும் அடிப்பார்கள், அதையும் எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் நேரம், படிகள், எதிர்பார்த்தது, நடந்தது. 37 அறிக்கைகள்.

நாலாம் நாள் உரிமையாளர் எனக்குப் போன் எடுத்தார். யார் ஆள் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்காவைத் திங்கக்கிழமை வரச் சொல்லுங்கோ" என்றார்.

## ஒரு படம்

இதற்கிடையில் நடந்த ஒன்று என் மனதில் இன்னும் ஆறவில்லை. மார்கழி நடுவில் காசு தந்தவர்களில் ஒருவர் ஊருக்கு வந்தபோது வகுப்பைப் பார்க்க வந்தார். எல்லாரோடும் சேர்ந்து ஒரு படம் எடுத்தார். அக்கா எழும்பிப் போய்க் குசினிக்குள் நின்றுகொண்டார், மற்றவர்கள் மரியாதைக்கு நின்றார்கள். தன் நண்பர்களுக்குக் காட்டத்தான் என்றார், நானும் தடுக்கவில்லை. மூன்று நாளில் அது முகநூலில் "எங்கள் முன்னாள் போராளிகள்" என்ற வாசகத்தோடு நின்றது. கேட்டவுடன் எடுத்துவிட்டார், அதற்குள் அது எங்கெல்லாமோ பகிரப்பட்டுவிட்டது.

அடுத்த கிழமை வரைபட அண்ணையின் வீட்டுக்கு ஆட்கள் போய் இரண்டு மணித்தியாலம் விசாரித்திருக்கிறார்கள். அவருடைய மகள் அப்போது ஓ.எல். எழுதுவதற்குப் படித்துக்கொண்டிருந்தவள். அதன்பின் அவர் வகுப்புக்கு வரவில்லை. எல்லாரையும்விட நல்ல வேலைக்குப் போயிருக்கக்கூடியவர் அவர்தான் என்பது என் எண்ணம், அதை விட்டாலும், ஒரு மனிதன் பத்து வருடமாகக் கட்டிக் காத்த அமைதி எங்கள் வகுப்பால் குலைந்தது.

## 2023 ஆடியில் யார் எங்கே

அக்கா அதே கொம்பனியில் இருக்கிறார். வைகாசியில் சர்வதேச மென்பொருள் சோதனைத் தகைமையின் அடிப்படைத் தேர்வை எழுதினார். 40 கேள்வி, 60 நிமிடம், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு 75, சித்திக்க 26 வேண்டும். 29 எடுத்தார். கட்டணம் வெளிநாட்டு நாணயத்தில் என்பதால் ஒருவருக்கு மட்டும்தான் கட்ட முடிந்தது, அந்த ஒருவர் அவர் என்பதை மற்றவர்களே சொன்னார்கள்.

சோதனை படித்த இன்னொரு பெண் வீட்டிலிருந்து பகுதிநேரமாகச் செய்கிறார், வேலை எல்லா மாதமும் இருப்பதில்லை. மூன்றாமவர் ஒரு கொம்பனியில் சேர்ந்து நாலு மாதத்தில் விட்டுவிட்டார். தலையில் செல் துண்டு இருக்கிறது, நாள் முழுக்கத் திரையைப் பார்த்தால் தலையிடி தாங்க முடியாது, இரவில் நித்திரை இல்லை. இதை நாங்கள் தொடக்கத்திலேயே கேட்டிருக்கவேண்டும். வயரிங் தெரிந்தவர் கமரா பொருத்துகிற தொழிலைத் தானாகவே செய்கிறார், சாவகச்சேரிப் பக்கம் அவருக்குப் பெயர் இருக்கிறது, ஒரு பையனையும் உதவிக்கு வைத்திருக்கிறார். 31 வயதுத் தம்பி கட்டாருக்குப் போய்விட்டார், கணினி வேலைக்கு இல்லை, கட்டட வேலைக்கு. போகுமுன் வந்து சொல்லிவிட்டுப் போனார். நின்றுபோன மூன்று பேரில் ஒருவர் திரும்ப வரலாமா என்று கேட்டிருக்கிறார்.

## அடுத்த தரம் மாற்றுவது

சேர்க்கும் படிவத்தை மாற்றிவிட்டோம். கல்வித் தகைமைக்கு முன்னால், கவனமாகச் செய்து பழகிய வேலை எது என்ற கேள்வி வருகிறது, பதில் எழுதாமலும் விடலாம். முதல் மாதம் பாடம் எதுவும் பிரிப்பதில்லை, மூன்று வேலையையும் எல்லாரும் தொட்டுப் பார்த்த பிறகுதான் யார் எதற்கு என்று பேசுவது. கண், தலை, முதுகு மூன்றையும் ஒரு வைத்தியர் பார்த்த பிறகே திரை வேலை. நாட்காசு முதல் நாளிலிருந்து, கடன் கட்டுகிற நாளுக்கு முந்தைய மாலையில்.

வேலை கொடுப்பவர்களிடம் பயிற்சி முடிந்த பிறகு போவதில்லை. இப்போதே நாலு கொம்பனிக்காரர்களோடு கதைத்துக்கொண்டிருக்கிறோம், விசாரிக்க யாராவது வந்தால் என்ன சொல்வது, எந்தக் கடிதத்தைக் காட்டுவது என்பதையும் சேர்த்து. அவர்களுடைய பயத்தைத் தனியாக அவர்கள் தலையில் விட்டுவிட்டு நல்ல மனதை மட்டும் எதிர்பார்த்தது எங்கள் பிழை.

படம் எடுப்பதில்லை. காசு தருகிறவர்களிடம் முதலே எழுத்தில் வாங்கிக்கொள்கிறோம், வகுப்பு நடக்கிற நேரம் வருவதில்லை, ஆட்களின் முகம், பெயர், ஊர் எதையும் வெளியில் போடுவதில்லை என்று. ஒருவர் இந்த நிபந்தனைக்காகவே விலகிக்கொண்டார். அவருடைய காசு இல்லாமல் இந்தமுறை ஏழு பேரைத்தான் எடுக்க முடிந்தது.

வரைபட அண்ணையின் வீட்டுக்கு இரண்டு தரம் போனேன். முதல்தரம் படலையில் நின்றே கதைத்து அனுப்பினார். இரண்டாம் தரம் போனபோது அவர் தோட்டத்தில் நின்றார், மகள் கதிரை கொண்டுவந்து போட்டாள், தேத்தண்ணி தந்தார்கள். மகளின் சோதனையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் கதைத்தோம். வகுப்பைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவர் செய்து வைத்த கேணி வரைபடம் ரீச்சரின் லப்டொப்பில் இருக்கிறது, புது வகுப்புக்கு அதைக் காட்டலாமா என்று அவரைக் கேட்கவேண்டும். இன்னும் கேட்கவில்லை.